காற்றுக்கு ஒரு வழி

அக்டோபர் 19

சாம்பிள் ரூம் பேட்டர்ன் மாஸ்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இது ஒரு புகார்க் கடிதம். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. குடும்பப் புகார் எதுவும் இதில் இல்லை. ஜாக்கெட்டைப் பற்றிய புகார்.

நான் வெளிநாட்டில் ஒரு பனிமலையில் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பது உன் அண்ணன் சொல்லித் தெரிந்திருக்கும். சறுக்கி விளையாட வருகிறவர்களைக் கம்பியில் தொங்கும் நாற்காலியில் உட்கார வைத்து உச்சிக்கு இழுத்துப் போகிற லிஃப்ட். அந்தக் கம்பியைத் தாங்க மலை நெடுக இருபத்திரண்டு இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஏணி பிடித்து ஏறி, மேலே இருக்கும் உருளைகளைத் தட்டிப் பார்த்து, கிரீஸ் வைத்து இறங்க வேண்டும். சீசன் இன்னும் தொடங்கவில்லை. காற்று மட்டும் தொடங்கிவிட்டது.

இந்த வருஷம் எங்களுக்குப் புதுச் சீருடை கொடுத்தார்கள். மழையும் பனியும் உள்ளே வராத மூன்றடுக்குத் துணி. இடது பாக்கெட்டைப் புரட்டினேன். உள்ளே வெள்ளைச் சீட்டு, அதில் நம் ஃபாக்டரி நம்பர். பதினோரு வருஷம் அங்கே தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவனுக்கு அந்த நம்பர் மறக்குமா? பனிமலை உச்சியில் நின்றுகொண்டு சிரித்தேன்.

புகார் இதுதான். ஏறும்போது வேர்க்கிறது. வேர்வை வெளியே போக வழியே இல்லை. மேலே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது அந்த ஈரம் குளிர்ந்து, ஐஸ் பனியன் போட்டது மாதிரி முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, அதில் உங்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளிருந்துதான் நனைகிறேன்.

போன் பண்ணலாம். ஆனால் நமக்குப் போனில் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடும். கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வரப் பத்து நாள் ஆகும்.

பாப்பா நன்றாக இருக்கிறாளா?

இப்படிக்கு,
மெக்கானிக்

*

நவம்பர் 1

மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நாலு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் நலமா என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. பரவாயில்லை. புகாருக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அந்த மாடலை வெட்டியது நான்தான். நான் வெட்டிய முதல் பேட்டர்னில் இரண்டு அக்குளுக்குக் கீழேயும் நீளமாக ஒரு ஜிப் இருந்தது. விலாவில் ஆரம்பித்து, அக்குள் வழியாகக் கை வரைக்கும். சூடாக இருந்தால் திறந்துவிடலாம், குளிர்ந்தால் மூடிக்கொள்ளலாம். பெரிய ஆபீஸிலிருந்து வந்தவர்கள் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். "இந்தத் துணி தானே மூச்சு விடும்மா, ஜிப் எதுக்கு? ஜிப் வெச்சா எடை கூடும்"னு சொன்னார்கள். ஏசி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் எந்தத் துணியும் மூச்சு விடும். நான் சொன்னேன். என் பேச்சு எங்கே எடுபட்டது? உங்களிடமே எடுபட்டதில்லை.

கீழே கேட்டிருப்பதற்குப் பதில் எழுதவும். எந்த நேரத்தில் வேர்க்கிறது, ஏறும்போதா, உட்கார்ந்த பிறகா? முதலில் எங்கே நனைகிறது? உள்ளே என்ன போடுகிறீர்கள்? தூணில் ஏறும்போது உடம்பில் என்னென்ன மாட்டுகிறீர்கள்? உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் இப்படித்தானா?

பாப்பா நலம். பன்னிரண்டாம் வகுப்பு. நீங்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். "அப்படியா"ன்னா.

பேட்டர்ன் பிரிவு

பின்குறிப்பு: "நீ அந்த ஃபாக்டரியையே கட்டிக்கிட்டு இரு"ன்னு சொல்லிவிட்டுப் போனீர்களே. அப்படியேதான் இருக்கிறேன்.

*

நவம்பர் 14

மாஸ்டர் அம்மாவுக்கு,

நலமா? நலமா? நலமா? போன கடிதத்துக்கு ஒன்று, இந்தக் கடிதத்துக்கு ஒன்று, நாலு வருஷத்துக்கு ஒன்று.

அன்றைக்கு மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டவன் நான். என்னோடு நீயும் விட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் ஒருத்தராவது வேலையில் இருக்கட்டும் என்று நீ சொன்னது இப்போது புரிகிறது. அப்போது ஏதோ எதிரிக் கட்சியில் சேர்ந்துவிட்டாய் என்று தோன்றியது.

கேள்விகளுக்கு வருகிறேன். முதலில் நெஞ்சும் கழுத்தும் நனைகின்றன, பிறகு முதுகு. உள்ளே ஒரு பனியன், ஒரு கம்பளிச் சட்டை. ஏறும்போது தோள், இடுப்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிப் பாதுகாப்புப் பெல்ட் மாட்டுவோம். அதன் பட்டை நெஞ்சின் குறுக்கே போகும். நெஞ்சில் நீ ஓட்டை வைத்தாலும் பட்டை மூடிவிடும். முதுகிலும் அப்படியே. அதை மனதில் வைத்துக்கொள். படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். படத்தில் இருப்பது நான்தான், பூசணிக்காய் இல்லை.

ஏறும்போதும் வேர்க்கிறது. உட்கார்ந்த பிறகும் வேர்க்கிறது. காலையில் எழுந்தால் தலையணை உறைகூட ஈரமாக இருக்கிறது. அறையில் ஹீட்டர் அதிகம் என்று நினைக்கிறேன்.

கூட வேலை செய்கிறவன் ஒருத்தன், கிரீஸ் என்று கூப்பிடுவோம், எப்போதும் கையில் கிரீஸோடு இருப்பான். அவனுக்கும் இதே ஜாக்கெட்தான். "ஏறுறப்ப கசகசன்னுதான் இருக்கு, உக்காந்தா சரியாயிடுது. நீதான்யா பாய்லர்"ங்கறான்.

மெக்கானிக்

*

நவம்பர் 29

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் பூசணிக்காய் படம் சாம்பிள் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது. தைக்கிற பெண்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சிரிக்கிறார்கள். யார் என்று கேட்டார்கள். புகார் கொடுத்த வாடிக்கையாளர் என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உட்கார்ந்து ஒரு சாம்பிள் தைத்துவிட்டேன். சோதனை செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, எடை போட்டு, வெந்நீர்ப் பையில் சுற்றி, டம்மிப் பொம்மையின் நெஞ்சில் கட்டினேன். மேலே உங்களுடையது மாதிரி ஜிப் இல்லாத ஜாக்கெட். அதற்கும் மேலே ஸ்டோரில் வாங்கிய பாதுகாப்புப் பெல்ட். ஒரு மணி நேரம் கழித்துத் துண்டை எடுத்து மறுபடி எடை போட்டேன். ஒன்பது கிராம் ஈரம்தான் குறைந்திருந்தது. புது சாம்பிளை மாட்டி, அக்குள் ஜிப்பைத் திறந்து வைத்துச் செய்தேன், இருபத்தாறு. பிறகு மின்விசிறியைக் காற்று மாதிரி வைத்து, ஜிப்பின் கீழ்முனையைக் கொஞ்சம், மேல்முனையைக் கொஞ்சம் என்று இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி மாற்றினேன். முப்பத்தெட்டு! காற்று வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி இருந்தால்தான் அது நகரும். ஒரே ஓட்டை வைத்தால் வாசலில் நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறது.

இதை வீட்டில்தான் செய்தேன். பாப்பா துண்டை எடை போட்டுத் தந்தாள். "அப்பாவுக்கா?"ன்னு கேட்டா. ஆமா என்றேன். "அப்ப நல்லாப் பிழி, சரியா அளக்கலாம்"னா.  மூன்று மணி நேரம் கூடவே இருந்தாள்.

சாம்பிளைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஜிப்பைக் கொஞ்சம் முன்பக்கமாகத் தள்ளி வைத்திருக்கிறேன், பெல்ட் பட்டை அழுத்தாது. ஜிப்பின் இழுப்பானில் தடித்த நாடா கோத்திருக்கிறேன், கையுறையோடு பிடிக்கலாம். போட்டுப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள். என் மனசு நோகும் என்று பார்க்க வேண்டாம். இதற்கு முன் அப்படிப் பார்த்ததாகவும் ஞாபகம் இல்லை.

தலையணை ஈரத்துக்கு ஹீட்டரைக் குறைத்து வைக்கவும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

*

டிசம்பர் 13

என் மாஸ்டருக்கு,

பார்சல் வந்தது. பிரித்ததும் நம் ஃபாக்டரி வாசனை. தையல் மேல் தண்ணீர் புகாத டேப் ஒட்டுகிற மெஷினின் அந்தச் சூடான பிசின் வாசனை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

ஏழாம் நம்பர் தூணுக்குப் போட்டுக்கொண்டு போனேன். ஜிப் அருமை. கையுறையோடு ஒரே இழுப்பில் திறக்கிறது. காற்று உள்ளே வந்து விலாவைத் தடவிக்கொண்டு போனது. கிரீஸ் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தரச் சொல்லுய்யா"ன்னு கெஞ்சினான். ஒரு நாள் இரவல் கொடுத்தேன். காய்ந்த பனியனோடு இறங்கி வந்தான். சட்டையைத் தூக்கித் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். உன் வேலை ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் உண்மையைச் சொல் என்றாய். எனக்கு இன்னும் நனைகிறது. எல்லா ஜிப்பையும் திறந்துவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் நனைகிறது. அப்புறம் உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. ஜிப்புக்கு உள்ளே வைத்திருக்கும் வலைத்துணி ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. ஏணியும் இந்த வருஷம் உயரமாகிவிட்டது. நாற்பது படியில் நின்று மூச்சு வாங்குகிறேன். வயதாகிறது.

எனக்காக மெனக்கெடாதே என்று எழுத நினைத்தேன். எழுத மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மெனக்கெடு.

உன் பழைய மெக்கானிக்

*

டிசம்பர் 26

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. எழுதிவிட்டேன், இனி அடிப்பதாக இல்லை.

கிரீஸ் காய்ந்து இறங்கினார், நீங்கள் நனைந்து இறங்கினீர்கள் என்பதை நான்கு நாளாக யோசித்தேன். ஒரே ஜாக்கெட், ஒரே தூண். அப்படியானால் அது உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை. நான் நாலு வருஷத்துக்கு முந்தைய உங்கள் அளவை வைத்து வெட்டினேன். எங்கேயோ ஒட்டிக்கொண்டு காற்றுப் பாதையை அடைக்கிறது, அல்லது தொளதொளவென்று நின்று காற்று சுற்றாமல் போகிறது. வலைத்துணியையும் மாற்றுகிறேன்.

உங்கள் அளவு எனக்கு மனப்பாடம். மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்திநாலு, கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு. கல்யாணச் சட்டையிலிருந்து கடைசியாகத் தைத்த நீலச் சட்டை வரைக்கும் அதேதான். இரண்டு ஆள் சமையலை ஒரே ஆளாகச் சாப்பிட்டும் கால் அங்குலம் கூடாத உடம்பு. இருந்தாலும் இப்போது அளந்து அனுப்புங்கள். கிரீஸை அளக்கச் சொல்லுங்கள், நீங்களே அளந்தால் வயிற்றை எக்கிக்கொள்வீர்கள். நாடா ஒன்று உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உங்கள் புது ஜாக்கெட் பற்றிப் பெரிய ஆபீஸுக்கு ஒரு அறிக்கை எழுதிப் போட்டேன். கிராம் கணக்கோடு. சூப்பர்வைசர், "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை"ன்னு கேட்டார். மலை மேல எனக்கு ஒருத்தர் இருக்காருன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

இப்படிக்கு,
உங்கள் டேப்பு
(கழுத்தில் அளவு நாடாவோடு அலைகிறவளுக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர்தான். மறந்திருக்க மாட்டீர்கள்.)

*

ஜனவரி 9

என் டேப்புக்கு,

மறப்பேனா?

கிரீஸ் அளந்தான். அவன் கையிலிருந்த அழுக்கு உன் நாடாவில் ஏறிவிட்டது, மன்னித்துக்கொள்.

மார்பு முப்பத்தாறு. இடுப்பு இருபத்தொன்பது. தோள் பதினேழே கால். கழுத்து பதினாறரை.

மலைக் காற்று ஆளை இளைக்க வைக்கிறது பார். எல்லாம் குறைந்தாலும் கழுத்து மட்டும் கூடியிருக்கிறது. தலைக்கனம் கூடினால் கழுத்தும் தடிக்க வேண்டாமா என்கிறான் கிரீஸ்.

காலரைக் கொஞ்சம் தளர்வாக வை.

உன்
மெக்கானிக்

*

ஜனவரி 20

என்னங்க,

மறுபடி அளந்தீர்களா? நாடா முறுக்கியிருந்ததா? அங்குலப் பக்கத்தைத்தானே பார்த்தார்?

இந்த மூன்று கேள்வியையும் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கே பதில் தெரிகிறது. இருபது வருஷமாக உடம்புகளை அளக்கிறேன். இளைத்தால் எல்லா இடத்திலும் இளைக்கும். மார்பில் நாலு அங்குலம், இடுப்பில் ஐந்து அங்குலம் போன ஆளுக்குக் கழுத்து ஒரு அங்குலம் கூடாது. கூடவே கூடாது. கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். நெறி கட்டியிருக்கிறதா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? வலிக்கிறதா?

உங்கள் நம்பருக்கு நான்கு முறை அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது.

நாளைக்கே டாக்டரிடம் போங்கள். தூணும் மலையும் அங்கேயேதான் இருக்கும். நான் புது சாம்பிளுக்குத் துணி விரித்து வைத்திருந்தேன். கத்திரிக்கோலை வைக்க முடியவில்லை. உங்கள் அளவுத்தாளை மேஜையில் பார்த்துவிட்டுப் பாப்பா, "யாரும்மா இது, இவ்ளோ ஒல்லியா?"ன்னு கேட்டா.

உடனே எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம். போனை எடுங்கள்.

டேப்பு

*

ஜனவரி 31

என் டேப்புக்கு,

நீ அடித்தபோது போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

டாக்டரிடம் போக வேண்டியதில்லை. போய் வந்துவிட்டேன். அக்டோபர் பதினேழாம் தேதி.

கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்திருந்தார்கள். ரத்தத்தையும் நெறிகளையும் பிடிக்கிற கேன்சராம். வேர்ப்பதும், அரிப்பதும், இளைப்பதும் எல்லாம் அதன் வேலை. உடனே மருந்து ஏற்ற வேண்டும், இப்போது ஆரம்பித்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்.

அப்புறம் ஒரு அம்மா படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டார். "கூட இருக்க யார் வருவாங்க?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "கேட்டுச் சொல்றேன்"னு எழுந்து வந்துவிட்டேன்.

உன்னிடம் கேட்கத்தான் இரண்டு நாள் கழித்துப் பேனாவை எடுத்தேன். நாலு வருஷம் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்துவிட்டு, வியாதி வந்ததும் வந்து நிற்கிறானே என்று நினைப்பாயே என்று கை ஓடவில்லை. ஆணியில் ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எழுதினேன். அதற்கு நீ பதில் போட்டாய். அடுத்த கடிதத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீ துண்டை எடை போட்டாய், பாப்பா கூட உட்கார்ந்தாள். ஒவ்வொரு கடிதமும் முன்னதைவிட நன்றாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

புகார் பொய் இல்லை. நனைந்தது நிஜம். ஜாக்கெட் மேல் குற்றம் இல்லை என்பதை மட்டும் மறைத்தேன்.

பத்து நாள் முன்பு தூணில் பாதி வழியில் கை விட்டுவிட்டது. பெல்ட் பிடித்துக்கொண்டது. கிரீஸ்தான் இறக்கிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். உன் கடிதத்தையும் இங்கே கொண்டுவந்து கொடுத்தான். இப்போது எலும்பு வரைக்கும் போயிருக்கிறதாம். மருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி கேட்கலாமா? கூட இருக்க வருவாயா?

உன்
மெக்கானிக்

*

பிப்ரவரி 10

என்னங்க,

நேற்று போன் போட்டேன். உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மூன்று மாசம். மூன்று மாசமாக உங்கள் வியாதிக்கு நான் ஜிப் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அரிக்கிறது என்றீர்கள், வலைத்துணியை மாற்றினேன். தலையணை நனைகிறது என்றீர்கள், ஹீட்டரைக் குறைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். நான்தான் தையல்காரியாகவே படித்தேன். உங்களைத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் அது என் பக்கம் திரும்பிவிடுகிறது. "கூட இருக்க வா"ன்னு அக்டோபரில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன்? முதலில் ஒரு பாட்டம் அழுதிருப்பேன், அப்புறம் வந்திருப்பேன். அது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாத மாதிரி நான் எப்படி வாழ்ந்தேன்?

வருகிறேன். கேட்டதற்குப் பதில் அதுதான்.

ஆனால் விசாவுக்கு ஐந்து வாரம் ஆகும் என்கிறார்கள். தினமும் போய் வரிசையில் நிற்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பையனிடம் டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டினேன். "எல்லாருமே அவசரம்னுதான் சொல்றாங்க மேடம்"னு மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாவின் கையிலும் அதே மாதிரி சர்டிபிகேட் இருந்தது. என்ன செய்ய முடியும்? யாரை அடிக்க முடியும்? டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பாவிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்து, "அப்பாவோட தலையணை உறையெல்லாம் யார் துவைக்கிறாங்க?"ன்னு கேட்டா. கேட்டுவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள்.

இன்னொன்று. அந்த அறிக்கை பாஸ் ஆகிவிட்டது. அடுத்த வருஷம் மலையில் வேலை செய்கிறவர்களுக்குப் போகிற எல்லா ஜாக்கெட்டிலும் அக்குள் ஜிப் உண்டு. முன்பக்கம் தள்ளி, இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி, நான் வெட்டியபடியே. பெரிய ஆபீஸிலிருந்து ஆள் வந்து எல்லார் முன்னாலும் கை தட்டினார்கள். ஏதாவது பேசச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. சந்தோஷத்தில் நா எழவில்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

சாப்பிடுங்கள். பிடிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள்.

உங்கள் டேப்பு

*

பிப்ரவரி 24

டேப்பு,

சின்னக் கடிதம்தான். விரல்கள் மரத்துப் போகின்றன.

முதல் மருந்து எதிர்பார்த்த அளவு கேட்கவில்லை. வேறு மருந்து ஏற்றுகிறார்கள், இன்னும் கடுமையானது. முடியெல்லாம் போய்விட்டது. கிரீஸ் வந்து பார்த்துவிட்டு, "உருளைக்குக் கிரீஸ் வெச்ச மாதிரி பளபளன்னு இருக்கே"ன்னான். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பாப்பா போன் பண்ணினாள். முதல் தடவை. பரீட்சைக்குப் படித்ததை எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். நீராவி, அழுத்தம், ஏதேதோ. ஒரு வார்த்தை புரியவில்லை. நிறுத்தாதே, சொல்லு சொல்லு என்றேன்.

படிவத்தில் அந்த இடத்தை நிரப்பிவிட்டேன். கூட இருப்பவர்: மனைவி. அந்த அம்மா, "எப்ப வராங்க?"ன்னு கேட்டார். கிளம்பிட்டாங்கன்னு சொல்லிவிட்டேன். பொய்தான். அதை நீ மெய்யாக்கு.

உன்

*

மார்ச் 19, காலை

என்னங்க,

வந்துவிட்டேன். உங்கள் கதவுக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸம்மா இந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டுவார். பார்க்க முடிகிறதா? எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

என் தலைவிதியைப் பாருங்கள். இரண்டு நாள் பயணத்தில் எனக்குச் சளி பிடித்துவிட்டது. இருமுகிறேன். உங்கள் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி சுத்தமாக இல்லையாம். என் சளி உங்களுக்கு வந்தால் தாங்காதாம். இருமல் நிற்கும் வரை உள்ளே விட முடியாது என்கிறார்கள். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சொல்வதும் சரிதான். பத்தடி தூரத்தில் இருக்கிறேன். ஐந்து வாரம் விசாவுக்கு நின்றேன், இப்போது இருமலுக்கு நிற்கிறேன்.

உங்கள் வாயெல்லாம் புண், பேச முடியாது என்றார்கள். என் குரலாவது உள்ளே கேட்க ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் இருமலும் அழுகையும்தான் வருகிறது. எழுத்தே நமக்கு ராசி.

இந்த அறையில் காற்றை எப்போதும் உள்ளே அழுத்தி வைத்திருப்பார்களாம். கதவு திறந்தால் உள்ளிருந்து வெளியேதான் வீசும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. நர்ஸம்மா வெளியே வந்தபோது அந்தக் காற்று என் முகத்தில் பட்டது. உங்களிடமிருந்து வருகிற காற்று. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

டேப்பு

*

மார்ச் 19, மதியம்

வந்தாயா. முகமூடியில் கண் மட்டும் தெரிகிறது. அது போதும்.

இளைத்துவிட்டாய். உன்னை யார் அளப்பது?

டாக்டர் உன்னிடம் பேசினாரா?

*

மார்ச் 19, மாலை

பேசினார். உங்களிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இந்த மருந்தும் கேட்கவில்லை. இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். நாள் கணக்கு கேட்டேன். விரல் விட்டு எண்ணுகிற மாதிரிதான் சொன்னார். இனி என் இருமலைப் பார்க்க வேண்டாம், உள்ளே விடுங்கள் என்றேன். நாளை மறுநாள் பெரிய டாக்டர் வந்ததும் கேட்டுச் சொல்கிறாராம்.

பாப்பா கடைசிப் பரீட்சை முடிந்ததும் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள். அதுவரை இருங்கள். இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். இருங்கள்.

எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. கையில் நாடா இல்லை, துணி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவள் நான். உங்கள் போர்வை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள். நாள் பூராவும் இங்கேயேதான் இருப்பேன். நீங்கள் தூக்கினால் நானும் தூக்குகிறேன்.

உங்கள் டேப்பு

*

மார்ச் 20

கையைத் தூக்கினேன். இரண்டு தடவை. நீ குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய்.

நர்ஸம்மா கண்ணாடியைத் தட்டப் போனார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

எழுது.